பதினோராம் நாளுக்கு ஒன்பது அணிந்துரைகள்

உலக இலக்கிய வரலாற்றில் திண்டுக்கல்லுக்கு உரிய இடம் இன்றுவரை காலியாகவே கிடக்கிறது என்றால், அதற்குத் திண்டுக்கல் பொறுப்பல்ல. உலகம்தான் பொறுப்பு. ஊர் தன் பங்குக்கு ஒருவரைத் தயார் செய்து, சால்வை போர்த்தி, மேடையேற்றி, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டது. உலகம்தான் அன்றைக்கு வரவில்லை. வேறு ஏதாவது ஜோலி இருந்திருக்கலாம்.

அந்த ஒருவர், திரு. சோலைமலை அவர்கள். நான் சொல்லப்போவது 1998ஆம் வருடத்துச் சங்கதி. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. சின்ன வெங்காயக் கமிஷன் மண்டி ஒன்றில் சீட்டு எழுதும் வேலை. பகலெல்லாம் மூட்டையும் எடையும் எழுதிய கைக்கு, மற்ற நேரத்தில் அமர இலக்கியம் எழுத வேண்டும் என்ற தினவு இருந்தது. அதற்கான முன்னேற்பாடுகள் எதிலும் அவர் குறை வைக்கவில்லை. கதர் ஜிப்பா இரண்டு, ஜோல்னா பை ஒன்று, வாரம் ஒருமுறை மட்டும் சவரம். பேருந்து நிலையத்து டீக்கடையில் கிளாசைக் கையில் பிடித்தபடி மலைக்கோட்டையை வெறித்துப் பார்ப்பதை மாலை ஆறு மணிக்கு மேல் தவறாமல் செய்துவந்தார். டீ ஆறிப்போகும். ஆறிய டீயைக் குடிக்கிறவன்தான் எழுத்தாளன் என்பது அவரது ஆழ்ந்த நம்பிக்கை.

கதைகளும் எழுதினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையோடு ஏழு வருடமாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவந்தார். போன கதை பத்திரமாகத் திரும்பிவிடும். நம் தபால் துறையின் நேர்மைக்கு அந்த ஏழு வருடத்து உறைகளே சாட்சி.

பத்திரிகைகள் கைவிட்டாலும் 'மலைக்கோட்டைப் படைப்பாளர் பேரவை' கைவிடவில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை, நைனா முகமது அவர்களின் தட்டச்சுப் பயிலகத்தில் பேரவை கூடும். பதினெட்டு டைப்ரைட்டர்கள் உறை போர்த்தி வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால் உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரு தரப்பிலும் யாரும் எதையும் எழுதியதாகத் தகவல் இல்லை. ஆனால் எழுதப்படப்போகும் நாவல்கள் மீது அங்கே நடந்த விவாதங்கள் மகத்தானவை. எழுதாத நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் பாத்திர வார்ப்பு பலவீனமாக இருப்பதாக ஒருவர் சொல்ல, இன்னொருவர் சட்டையைப் பிடித்த நிகழ்ச்சியும் உண்டு.

பேரவையின் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் அருள்நாதன் அவர்கள். சொந்தமாக நூல் எதுவும் எழுதி அவர் தன்னைக் குறுக்கிக்கொண்டதில்லை. அணிந்துரை மட்டும் நூற்றுப் பதினான்கு எழுதியிருந்தார். அகரத்திலிருந்து கீரனூர் வரை எவன் எதை அச்சடித்தாலும் முதல் பத்துப் பக்கம் அவருடையது. ஒரு விவசாயி சொட்டுநீர்ப் பாசனம் பற்றி வெளியிட்ட கையேட்டுக்குக்கூட அவர் அணிந்துரை வழங்கியதால், அந்தக் கையேட்டில் குழாய் எங்கே பதிக்க வேண்டும் என்ற விவரம் இருபத்தோராம் பக்கத்தில்தான் வந்தது.

"நூலைப் போடுங்க தம்பி. பத்திரிகைக்காரன் கிடக்கான். புத்தகம்னு ஒண்ணு வந்துட்டா அப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது" என்றார் பேராசிரியர்.

சோலைமலையிடம் அப்போது ஏழு கதைகள் இருந்தன. முதல் ஆறும் நவீனமானவை. வெங்காய மூட்டை இறக்கை முளைத்து வத்தலக்குண்டுப் பக்கம் பறந்துபோகும் கதை ஒன்று; அது 'மாய யதார்த்தம்'. முற்றுப்புள்ளியே இல்லாமல் பதினான்கு பக்கம் ஓடும் கதை ஒன்று, அது 'பின்நவீனத்துவம்'. மற்ற நான்கும் என்னவென்று அவருக்கே தெரியாததால் அவற்றைச் 'சோதனை முயற்சி' என்று வகைப்படுத்தியிருந்தார். அவருடைய மனைவி அறிவுச்செல்வி பால்வாடி டீச்சர். எல்லாக் கதைகளையும் அழகான கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஆறு கதைக்கும் "நல்லாருக்குங்க" என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

ஏழாவது கதையைப் படித்துவிட்டு அவள் அரிசி போடப் போகவில்லை. தாளைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"இது நம்ம பேச்சாயி அக்கா கதைதான?"

ஆம். அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்த பேச்சாயியின் கதைதான். அவள் புருஷன் தோல் பதனிடும் தொழிற்சாலையில், ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்பில், தோல் அலசும் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். அந்தத் தெருவுக்குப் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். ஒருநாள் பேச்சாயி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சோலைமலையிடம் சொன்னாள்.

"அவரு போன அன்னைக்குத்தான் தம்பி தண்ணி நாளு. பிணத்தைச் சுத்தி இருக்காளுக. குழாயில காத்து வர்ற சத்தம் கேக்குது. ஒருத்தி அழுகை நின்னுபோச்சு. அப்புறம் இன்னொருத்தி. என் மூஞ்சியவும் வாசலையும் மாத்தி மாத்திப் பாக்குறாளுக. அவளுகளையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல? நான்தான் சொன்னேன், போங்கடி, போய்ப் பிடிச்சு வச்சுட்டு வந்து அழுங்கடி, இவரு எங்கயும் போகப்போறதில்லன்னு. எனக்கும் நாலு குடம் பிடிச்சுக் கொடுத்தாளுக. அந்தத் தண்ணியிலதான் அவரைக் குளிப்பாட்டுனோம்."

அதைக் கேட்டு வந்த சோலைமலை, ஜிப்பாவைக்கூட மாட்டாமல், பனியனோடு உட்கார்ந்து, மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரே மூச்சில் எழுதினார். தான் எழுத்தாளர் என்பதை மறந்து அவர் எழுதியது அந்த ஒரு கதைதான். அதனால் அது நன்றாக வந்துவிட்டது. தலைப்பு, 'பதினோராம் நாள்'.

எழுதியதைச் சொல்லி அனுமதி கேட்கப் போனபோது பேச்சாயி வெட்கப்பட்டாள். அப்புறம் உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்தாள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. உயிரோடு இருந்தபோதும் சொன்னதில்லை, இப்போதும் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், சிவப்பு மையால் கோடடிக்கப்பட்டிருந்த வரியை அடையாளம் வைத்துத் தொட்டுக் காட்டினாள். பொம்மையன் என்று இருந்தது.

"இதுலயும் அடிச்சுட்டாங்க. ஓட்டு லிஸ்டுலயும் எடுத்துட்டாங்க. தோல் ஷாப்புல பேரே கிடையாது, நம்பருதான். நான் சொல்லக் கூடாது, வேற யாரும் சொல்றதுமில்ல. பிள்ளையும் இல்லாமப் போச்சு. நீ வேற பேரு கீரு மாத்திப்புடாத தம்பி. இந்தப் பேரையே புத்தகத்துல போட்டுரு. ஒரு இடத்துல இருந்தாப் போதும்."

"ஒரு இடம் என்ன அக்கா, கதையில நெடுக அவருதான்" என்றார் சோலைமலை. அது நடிப்பில்லை.

ஆக, நூல் வெளிவருவதென்று முடிவாயிற்று. புனித மரியன்னை கொடியேற்ற நோட்டீசும், கல்யாணப் பத்திரிகையும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடிக்கும் பெலிக்ஸ் தன் அச்சகத்தில் இலக்கியத்துக்கும் இடம் கொடுக்க இசைந்தார். அவர் தங்கை லிடியா புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தாள்.

"அண்ணே, நாலு பாரம்" என்று பெலிக்ஸ் திட்டமாகச் சொன்னார். "பாரத்துக்குப் பதினாறு பக்கம். மொத்தம் அறுபத்து நாலு. பேப்பர் வெட்டி வச்சாச்சு. அதுக்கு மேல ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பாரம் ஓட்டணும், அதுக்கு என்கிட்ட பேப்பர் இல்ல. பாத்துக்கங்க."

"அறுபத்து நாலு தாராளம்" என்றார் சோலைமலை. ஏழு கதையும் ஐம்பத்து நான்கு பக்கம். பேராசிரியர் அணிந்துரைக்கு ஆறு. மிச்சம் தலைப்பு, பொருளடக்கம், கடைசியில் என்னுரை. அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

பேராசிரியருக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைத் தொடாமல் கைகூப்பினார்.

"வேணாம் தம்பி. நான் படிக்கிறதில்லை."

"ஐயா, அணிந்துரைக்கு..."

"அதுக்குத்தான் சொல்றேன். படிச்சா ஒரு சார்பு வந்துரும். நடுநிலை கெட்டுப்போகும். தலைப்பை மட்டும் சொல்லுங்க."

எப்பேர்ப்பட்ட நேர்மை பாருங்கள். நான்கே நாளில் அணிந்துரை வந்துவிட்டது, பன்னிரண்டு பக்கம். 1974இல் ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில் அவர் ஏறிய பேருந்து பழுதான வரலாறு அதில் ஏழு பக்கம். கடைசியில், 'இக்கதைகளைப் படித்து முடித்தபோது என் கண்கள் பனித்தன' என்று ஒரு வரி. நெகிழ்ந்துபோன சோலைமலை, பறக்கும் மூட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைப் போட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பேரவையின் துணைத்தலைவர் கவிஞர் செழியன் அவர்கள் அடுத்த கூட்டத்தில் சோலைமலைக்கு வணக்கம் சொல்லவில்லை. விசாரித்ததில், தலைவரிடம் வாங்கியவர் துணைத்தலைவரிடம் வாங்காதது துணைத்தலைவர் என்ற பதவிக்கே இழுக்கு என்று தெரியவந்தது. ஒரே நூலில் இரண்டு அணிந்துரை இருந்தால் தலைவர் வருந்துவார். எனவே துணைத்தலைவருடையது 'வாழ்த்துப்பா' என்று பெயர் பெற்றது. ஆறு பக்கம். துணைத்தலைவர் கொடுத்தபின் பொருளாளர் ஆசிரியை ஆனந்தமேரி அவர்கள் சும்மா இருக்க முடியுமா? அவர் 'நட்புரை' தந்தார். அவரும் சோலைமலையும் அதுவரை பேசிக்கொண்டதில்லை என்பது நட்புக்குத் தடையாக இருக்கவில்லை. மாதாமாதம் கூட்டத்துக்கு அறை தரும் நைனா முகமது அவர்கள் 'பாராட்டுரை'. அவர் தலைப்பை வைத்து இது துப்பறியும் நாவல் என்று முடிவுகட்டி, 'பதினோராம் நாள் கொலையாளி பிடிபடும் இடத்தில் நான் அசந்துபோனேன்' என்று எழுதியிருந்தார். மண்டி முதலாளி 'ஆசியுரை'. அவர் போனில் சொல்லச் சொல்ல எழுதியது. நடுவே லோடு ஏற்றுகிறவர்களிடம் அவர் பேசிய இரண்டு வரிகளும் அதில் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார் 'குருவுரை'. பல் டாக்டர் ஒருவர் 'ஆய்வுரை'. இத்தனை பேரையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்ததற்காக பெலிக்ஸ் அவர்களே ஒரு 'பதிப்புரை'.

உரைகள் உள்ளே வர வர, கதைகள் வெளியே போயின. கல்யாணப் பந்தியில் பெரிய மனிதர் வந்தால் நம் வீட்டுப் பிள்ளையை எழுப்பி விடுவோமே, அந்தப் பண்பாடுதான். இரண்டாவதாக முற்றுப்புள்ளி இல்லாத கதை எழுந்தது. பின்னாலேயே சோதனை முயற்சிகள் ஒவ்வொன்றாக எழுந்து கையைக் கழுவின. உண்மையில் அவை போனதில் மொழிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சோலைமலையும் கலங்கவில்லை. "பதினோராம் நாள் இருக்குல்ல. அது ஒண்ணு போதும். ஒரு கதை நின்னாலும் நின்னு பேசும்" என்று மனைவியிடம் சொன்னார். அதைச் சொன்ன சோலைமலையை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

வெளியீட்டு விழாவுக்குக் கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்தவர் வார்டு கவுன்சிலர் சவடமுத்து அவர்கள். 'தினமும் தண்ணீர்' என்று சொல்லி ஜெயித்தவர். சொன்ன சொல் மாறவில்லை, இன்றும் அதையே சொல்லிவருகிறார். அவரைச் சிறப்பு விருந்தினராகப் போட்டு அழைப்பிதழ் அச்சாகி, ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது அவர் ஆள் ஒரு கட்டுத் தாளோடு அச்சகத்துக்கு வந்தான். 'பெருமிதவுரை'. ஐந்து பக்க எழுத்து, நான்கு பக்கப் புகைப்படம். கவுன்சிலர் குழாயைத் திறப்பது, கவுன்சிலர் குழாயை மூடுவது, இத்யாதி.

அங்கிருந்த சோலைமலையின் முன்னாலேயே லிடியா பக்கத்தை எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"சார், ஒம்பது பக்கம் வருது. நம்மகிட்ட மிச்சம் இருக்கறதே ஒம்பது பக்கந்தான்."

"இருக்குல்ல, அப்புறம் என்ன?"

"அந்த ஒம்பதுலதான் சார் உங்க கதை இருக்கு."

கோக்கும்போது வாசகத்தைப் படிக்கக் கூடாது என்பது பெலிக்ஸ் போட்ட சட்டம். படித்தால் வேகம் குறையும். லிடியா அந்தக் கதை விஷயத்தில் சட்டத்தை மீறியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இன்னொரு பாரம் போட முடியாதா பெலிக்ஸ்?"

"பேப்பருக்கு மதுரைக்குச் சொல்லி வரணும்ணே. விழா தள்ளிப்போகும். அழைப்பிதழ்ல தேதி போட்டாச்சு. மண்டபம் கவுன்சிலரு பிடிச்சது."

சோலைமலை பேராசிரியரிடம் ஓடினார். பேராசிரியர் கண்ணை மூடிச் சிந்தித்தார்.

"இதுல குழப்பம் எங்க வருது தம்பி? முதல் பதிப்புங்கறது அறிமுகம். உங்களை உலகத்துக்கு அறிமுகம் செய்யறோம். அறிமுகம் முடிஞ்சப்புறம் இரண்டாம் பதிப்புல கதை வரட்டும். வீட்டுக்கு வந்தவனை வாசல்லயே வச்சு சோறு போடுறோமா?"

"இருந்தாலும் ஐயா, சிறுகதைத் தொகுப்புன்னு அட்டையில போட்டிருக்கே."

"அட்டை மாறக் கூடாது. அட்டை அருமையா வந்திருக்கு."

அறிவுச்செல்விக்கு இந்த உயர்ந்த தத்துவம் விளங்கவில்லை. பால்வாடிப் பிள்ளைகளோடேயே பழகியவள், வேறெப்படி இருப்பாள்?

"அந்தக் கவுன்சிலரு எழுதுனதை எடுத்துருங்க."

"விழா நடக்காதுடி."

"நடக்காட்டிப் போகுது. கதை இருக்கும்ல?"

"உனக்கு இலக்கிய உலகம் தெரியாது."

"தெரியாதுதான். பேச்சாயி அக்காவத் தெரியும். குழாயடியில அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டு இருக்கு, அவரு பேரு புத்தகத்துல வருதுன்னு. நீங்க போய்ச் சொல்லுங்க, வரலைன்னு."

சோலைமலை அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அச்சகத்துக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, "கதையை எடுத்துரும்மா" என்றார். லிடியா உடனே எடுக்கவில்லை.

"சார், ஒரு யோசனை. உங்க என்னுரையில நன்றி சொல்லி ஒரு பட்டியல் இருக்குல்ல. அதுல அந்தப் பேரைச் சேத்துரலாமா? அந்தம்மா ஒரு இடத்துல இருந்தாப் போதும்னு கேட்டுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கதையை எழுதியவரை விட அதைப் படித்தவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். சோலைமலைக்கு உயிர் வந்தது. நாற்பத்து மூன்று பேருக்கு நன்றி சொல்லும் அந்தப் பட்டியலின் கடைசியில், 'மற்றும் அமரர் பொம்மையன்' என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். மனப்பாரம் இறங்கிவிட்டது. அன்றைக்கு டீயைச் சூடாகவே குடித்தார்.

அச்சேறுவதற்கு முந்தின நாள் கடைசிப் படியைத் திருத்த உட்கார்ந்தார்கள். பேராசிரியர் அவர்களே நேரில் வந்திருந்தார். பட்டியலில் தன் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஐந்து பட்டம். அவற்றைச் சேர்த்ததும் பட்டியல் ஒரு வரி நீண்டு, அறுபத்து நான்காம் பக்கத்தைத் தாண்டி வழிந்தது.

"ஒரு பேரு எடுத்தாச் சரியாயிரும்" என்றார் பெலிக்ஸ்.

பட்டியலை எல்லோரும் மேலிருந்து பார்த்தார்கள். மண்டி முதலாளியை எடுக்க முடியாது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். பல் டாக்டரை எடுக்க முடியாது. அவருடைய மாப்பிள்ளை ஒரு தினசரியின் நிருபர். பந்தல்காரர், மைக்செட்காரர், எடுத்தால் விழாவன்று வேலை காட்டிவிடுவார்கள். நாற்பத்து மூன்று பேரும் உயிரோடு, நல்ல ஞாபகசக்தியோடு இருந்தார்கள். பேராசிரியரின் சுண்டுவிரல் கடைசி வரியில் வந்து நின்றது.

"இவர் யாரு? அமரரா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப இவரு கோவிச்சுக்க மாட்டாரே."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுவரை ஒன்பது பெரியவர்கள் கூடிச் செய்ய முடியாத தீர்மானம் அரை நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. லிடியா அந்த வரியை அழிக்கும் விசையில் கையை வைத்துக்கொண்டு சோலைமலையையே பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் அழுத்தினாள்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு விழா தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது, கவுன்சிலர் மதியச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். முதல் பிரதியை அவர் வெளியிட, மண்டி முதலாளி பெற்றுக்கொண்டார். அதன்பின் ஒன்பது பேரும் தாங்கள் எழுதியதையே எடுத்துப் படித்தார்கள். மதிப்பீடு செய்ய வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த திறனாய்வாளர் ஒருவர் மட்டும் நூலை மெய்யாகவே புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இந்தத் தொகுப்பில் ஆசிரியர் சொன்னதை விடச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். மௌனத்தை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்ட சிறுகதைகள் நம் மாவட்டத்தில் இதுவரை வந்ததில்லை. ஒரே ஒரு குறை. சுருக்கம் சற்றுக் கூடிவிட்டது."

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. சோலைமலைக்கு எட்டுச் சால்வைகள் விழுந்தன. அவ்வளவு நேரமும் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். எட்டாவது சால்வைக்குக் குனிந்தபோதுதான் கடைசி வரிசையில் பேச்சாயி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சின்னாளப்பட்டிச் சேலையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் உடுத்தி, முதுகு நிமிர்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் போல இருந்தாள்.

கூட்டம் பந்திக்கு எழுந்தது. புத்தக மேசையில் லிடியா உட்கார்ந்திருந்தாள். பேச்சாயி அங்கே வந்து ஒரு பிரதியை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எந்தப் பக்கத்துல தாயி இருக்காரு?"

லிடியாவுக்கு முகம் வெளுத்தது. "சார் வாராரு. அவருகிட்டயே கேளுங்கக்கா" என்று எழுந்து நின்றுகொண்டாள்.

சோலைமலை சால்வைகளோடு வந்தார்.

"இருந்து சாப்பிட்டுப் போங்கக்கா."

"இல்ல தம்பி. இன்னைக்குத் தண்ணி நாளு. போனாப் போகுதுன்னு வந்துட்டேன். குடத்தை வரிசையிலகூட வைக்கல. அவரு பேரைப் பாக்கற அன்னைக்குக் குடத்துக்கு அலைய வேணாம்னு தோணுச்சு. காட்டு தம்பி, பாத்துட்டுப் போறேன்."

அவர் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். எங்கே பிரித்தாலும் யாராவது ஒரு பெரியவர் பெயர் இருந்தது. சொல்லிவிடலாம், காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அப்போது பந்தி வாசலிலிருந்து பேராசிரியர், "தம்பி, கவுன்சிலர் உக்காந்துட்டாரு, நீங்க வந்தாத்தான் இலை போடுவாங்க" என்று கூப்பிட்டார். சோலைமலை அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினார். பெருமிதவுரையின் முகப்பில், பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. பேச்சாயியின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"இந்தா இருக்காருக்கா."

பேச்சாயி குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டுப் பெருசாவா போட்டிருக்க?"

"ஆமாக்கா."

அவள் விரல் அந்த எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்தது. கடைசி எழுத்தில் கொஞ்சம் தயங்கியது.

"கார்டுல பாத்த மாதிரி இல்லையே தம்பி."

"அது கையால எழுதுனது. அச்சுல ஏறுனா மாறிரும்க்கா."

லிடியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழு வருடமாகப் பேரவையில் உட்கார்ந்தும் பிடிபடாத வித்தை சோலைமலைக்கு அந்த நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னார். சந்தேகம் வந்த இடத்தில் ஒரே வரியில் அதைத் தீர்த்தார். கேட்டவள் முழுசாக நம்பினாள். இதற்கு மேல் ஒரு கதாசிரியரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

பேச்சாயி அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலக்கண், இடக்கண், மறுபடி வலக்கண். தெருவுக்குப் பதினோரு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் விடுகிறவரின் பெயர் அவள் கண்ணீரில் நனைந்தது. எழுத்தாளர் சோலைமலை அவர்கள், ஒரு நல்ல எழுத்தாளருக்கு இருக்க வேண்டிய கூர்மையோடு, கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பிடப் போனார்.